வெள்ளைக் கட்டம்

நொய்யல்நகர் மூன்றாம் பள்ளியின் வாசற்கதவு தினமும் காலை எட்டே முக்காலுக்குப் பேச ஆரம்பிக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே கால் வைக்கும்போது பெயரைச் சொல்லும். கூடவே, அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில் அதன் தாய் சுவாசித்தது, தின்றது, தொட்டது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வந்த எண்ணையும் சொல்லும்.

"ஷஃபானா. தாய்வழி எண் பதினேழு. வணக்கம்."

"ரிதன்யா. தாய்வழி எண் பன்னிரண்டு. வணக்கம்."

எண் குறையக் குறையப் பெருமை அதிகம். ரிதன்யாவின் அம்மா கதவு சொல்லி முடிக்கும்வரை நகரமாட்டாள். பின்னால் நிற்பவர்கள் காதில் சரியாக விழுந்ததா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

"இதழ். தாய்வழி எண் நாற்பத்தொன்று. வணக்கம்."

இந்த இடத்தில் இதழின் அம்மா தமயந்தி எப்போதும் கைப்பையில் எதையாவது தேடிக்கொண்டிருப்பாள். ஐந்து வருடமாகத் தேடுகிறாள். எட்டு வயது இதழுக்கு எண்ணைப் பற்றிக் கவலை இல்லை. அவள் கதவின் ஓரத்தில் உள்ள ரப்பரை ஒரு விரலால் தடவிவிட்டு, அது பிடித்திருந்தால் சிரித்துக்கொண்டு உள்ளே போவாள்.

எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 2094ஆம் வருடம் அது. ஒரு பெண் கருவுற்றது உறுதியான அன்றே அரசாங்கம் அவள் கையில் சூல்வளையல் ஒன்றை மாட்டிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பிரசவம்வரை கழற்ற முடியாது. அவளைச் சுற்றியுள்ள காற்றை அது நாளுக்கு நான்காயிரம் தடவை முகரும், வியர்வையை ருசி பார்க்கும். கொசுவத்திப் புகை, பூச்சிமருந்து, பிளாஸ்டிக் டப்பாவில் சூடாக்கிய குழம்பு, பக்கத்துத் தெருவில் ஊற்றிய தார் எதுவும் தப்பாது. வளைகாப்பில் கண்ணாடி வளையல்களை அடுக்கி முடித்ததும் நாத்தனார் சூல்வளையலின் பட்டியலைச் சபையில் உரக்க வாசிப்பது வழக்கமாகியிருந்தது. சிரிப்பும் கேலியுமாக நடக்கும். தமயந்தியின் வளைகாப்பில், "இருபத்திரண்டாம் வாரம், பெயின்ட் வாடை, நான்கு மணி நேரம்" என்று வந்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. பிறக்கப்போகும் குழந்தையின் தொட்டிலுக்கு மஞ்சள் வர்ணம் அடித்தவன் அவள் கணவன் கதிர்வேல். ஆசை ஆசையாக அடித்திருந்தான்.

இதழுக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். அதற்கப்புறம் கதிர்வேல் வீட்டில் ஓர் ஆணிக்குக்கூட வர்ணம் அடித்ததில்லை. அவனை யாரும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பான்.

தமயந்திக்கு வேலை சான்றுப்பட நிலையத்தில். சுற்றுச்சூழலுக்கும் ஆட்டிசத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகத்தில் யார் எந்த மூலையில் ஆராய்ந்தாலும் அது அந்த நிலையத்தின் சுவரளவு படத்தில் ஏறும். படத்தின் இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் புகை, உலோகம், மருந்து, உணவு என்று ஆறாயிரம் வெளிப்பாடுகள். மேற்புறம் வரிசையாக விளைவுகள். இரண்டும் சந்திக்கும் இடம் ஒரு கட்டம். ஓர் ஆய்வுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் குமிழ். வருகிற ஆய்வுகளைப் படித்து, எந்தப் புள்ளி எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்குப் பதிவர் என்று பெயர். தமயந்தி ஒன்பது வருடமாகப் பதிவர். அவளே போட்ட புள்ளிகள் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும்.

படத்தை உண்டாக்கியவர்கள் நல்லவர்கள், விவரமானவர்கள். முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள்: குமிழ் பெரிதாக இருந்தால் அதை நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று மட்டுமே அர்த்தம், அது ஆபத்தானது என்று அர்த்தமில்லை. அந்த வரியை யாரும் படிக்கவில்லை. படம் கண்ணெதிரே இருக்கும்போது எழுத்தை யார் படிக்கிறார்கள்? கொத்தமல்லிக்கு நேராகத் தேங்காய் அளவில் ஒரு குமிழ் உண்டு. ஒரு பேராசிரியர் கொத்தமல்லியில் டாக்டர் பட்டம் வாங்கினார். தன்னிடம் வந்த நாற்பத்தாறு மாணவர்களுக்கும் கொத்தமல்லியையே கொடுத்தார். நாற்பத்தாறு பேரும் ஒரு தொடர்பையும் காணவில்லை. ஆனாலும் குமிழ் குமிழ்தான். நொய்யல்நகரில் இருபது வருடமாகக் கர்ப்பிணிகள் வீட்டு ரசத்தில் கொத்தமல்லி விழுவதில்லை.

வெள்ளையாக இருக்கும் கட்டத்தைப் பாதுகாப்பானது என்று சட்டமே சொல்லிவிட்டது. யாரும் எட்டிப் பார்க்காத வீட்டில் திருடன் இல்லை என்று முடிவு கட்டியது போல. தமயந்திக்கு அது தவறு என்று தெரியும். நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன, சம்பளம் அதற்குத்தானே தருகிறார்கள்.

இதழுக்கு வருவோம். அவள் அதிகம் பேசமாட்டாள். தண்ணீர்த் தொட்டியின் சுவரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பாள். தோசையின் ஓரம் சிவந்திருந்தால் சிவந்த பாகத்தை மட்டும் வட்டமாகக் கிள்ளி அப்பாவின் தட்டில் வைப்பாள், அது அவர்கள் இருவருக்குமான ஏற்பாடு. மூன்றாம் வகுப்புக் கணக்கு அவளுக்கு வரும். எழுத்து மெதுவாக வரும். பதினொரு மணிவரை வகுப்பில் ஒரு தொந்தரவும் இல்லை.

பதினொரு மணிக்குத்தான் அது நடக்கும். தினமும், பிசகாமல். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். மேசையில் நெற்றியை முட்டுவாள். தடுக்கப் போன மீனலோசனி டீச்சரின் மணிக்கட்டில் இரண்டு முறை பல் பதிந்திருக்கிறது. ஆறு நிமிடம். பிறகு மேசைக்கடியில் போய்ச் சுருண்டு கொள்வாள், மதியம்வரை வெளியே வரமாட்டாள். நெற்றியில் புடைப்பு ஆறுவதற்குள் அடுத்த நாள் பதினொரு மணி வந்துவிடும்.

"இந்தப் பருவம் முடியறவரைக்கும் நான் சமாளிக்கறனுங்க," என்றார் மீனலோசனி டீச்சர். "அதுக்கப்புறம் தனி அறைதான். அங்க ஒரு பருவத்துக்கு மேல வெச்சிருக்க மாட்டாங்க. நேரா வளாகத்துக்கு அனுப்பிடுவாங்க. வேண்டாம்னு நானும் எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டனுங்க."

வளாகம் என்றால் மலைமேல் இருக்கும் அரசுப் பராமரிப்பு வளாகம். சுத்தமான காற்று. மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம், இரண்டு மணி நேரம். தமயந்தி ஒருமுறை நிலையத்தின் சார்பாக அங்கே போயிருக்கிறாள். பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அந்த வரிசையை அவளால் மறக்க முடியவில்லை.

இதழின் நிலைக்குக் காரணம் காண ஆய்வுக்குழு ஒன்று வீட்டுக்கு வந்தது. ஏழு பேர். நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். சமையலுக்கு எந்த எண்ணெய், தலைக்கு எந்தச் சாயம், ஐந்தாம் மாதத்தில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாளா, வலப்பக்கமா. பெயின்ட் டப்பாவின் பெயர் கேட்டபோது கதிர்வேல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். கேள்விகள் முடிந்ததும் தமயந்தி கேட்டாள்.

"பதினோரு மணிக்கு அவளுக்கு என்ன ஆகுதுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே?"

குழுவின் தலைவி நல்ல மாதிரியான பெண். நிஜமான பரிவோடுதான் சொன்னாள்: "அது விளைவுங்க. நாங்க காரணத்தைத் தேடறோம்."

மறுநாள் தமயந்தி விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஐந்து வருடமாக இதை அவள் செய்ததில்லை. அவளும் காரணத்தைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள், தன் வளையல் பட்டியலில்.

பதினொன்றுக்குச் சில விநாடிகள் இருக்கும்போது கரும்பலகைக்கு மேலே இருந்த முகர்வானின் மூடி திறந்தது. வகுப்பறைக் காற்றில் பிள்ளைகளுக்கு ஆகாதது ஏதாவது கலந்திருக்கிறதா என்று அளக்கும் கருவி அது. எல்லா வகுப்பிலும் உண்டு. ஊரில் அதற்கு மூக்கு என்றுதான் பெயர். தினம் ஒருமுறை ஆறு நிமிடம் மூச்சு இழுக்கும். மூடி திறந்ததும் இதழ் காதைப் பொத்தினாள்.

தமயந்திக்கு ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம், வெளியே பறவை ட்ரோன் போகும் சத்தம், அதற்குள் மகளின் அலறல். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். ஆறு நிமிடம் முடிந்து மூடி சாத்திக்கொண்டபோது இதழ் அவள் பிடியிலிருந்து நழுவி மேசைக்கடியில் போனாள். பக்கத்து இருக்கையில் ஷஃபானா எதுவும் நடக்காதது போலப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அந்த மூக்கு ஏதாச்சும் சத்தம் போடுதா?"

"ஆமாங் ஆன்ட்டி."

"என்ன மாதிரி?"

"காதுக்குள்ள கம்பி விட்டு இழுக்கற மாதிரி." ஷஃபானா பென்சிலின் முனையை ஊதினாள்.

தமயந்தி எழுந்து நின்று வகுப்பையே கேட்டாள். "வேற யாருக்குக் கேக்குது?"

முப்பத்தொரு கைகள் உயர்ந்தன. மீனலோசனி டீச்சர் மூக்கை அண்ணாந்து பார்த்தார். அவருக்கு வயது நாற்பத்தாறு. மெலிந்த, கூர்மையான ஒலிகள் வயது ஏற ஏறக் காதை விட்டு ஒவ்வொன்றாக விலகிவிடும். மூக்கைச் செய்த பொறியாளர்கள், சோதித்து முத்திரை குத்திய அதிகாரிகள், தினமும் அதன் கீழே நின்று பாடம் நடத்தியவர்கள் எல்லாரும் அந்த ஒலி விலகிப்போன வயதுக்காரர்கள்.

"ஏன் யாருமே சொல்லலை?" என்றார் டீச்சர்.

"யாரும் கேக்கலீங்க டீச்சர்," என்றாள் ஷஃபானா. "பழகிப்போச்சுங்."

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அறையில் உள்ள அத்தனையையும் அளக்கும் கருவி தன்னை அளக்கவில்லை. தமயந்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மகள் வலிக்கிறது என்று தினமும் சொல்லியிருக்கிறாள். தனக்குத் தெரிந்த ஒரே மொழியில், ஆறு நிமிடம், கத்திச் சொல்லியிருக்கிறாள். அவள் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்று பிற்பகலே நிலையத்தின் துணை இயக்குநர் ராஜமாணிக்கத்தின் முன்னால் போய் நின்றாள். அவர் கேட்டார், முழுவதும் கேட்டார். பிறகு படத்தைத் திறந்து தேடினார். மூக்கின் ஒலி என்று ஒரு வரிசையே இல்லை.

"வெள்ளைம்மா," என்றார். "ஒரு புள்ளிகூட இல்ல."

"யாரும் ஆராயலைங்க சார். அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியாதே."

"நிதி ஒதுக்கி ஒரு ஆய்வு..."

"குறைஞ்சது மூணு புள்ளியாவது இருக்கற கட்டத்துக்குத்தான் நிதி. ஏற்கெனவே சான்று இருந்தாத்தான் சான்று தேட முடியும். நான் போட்ட விதியில்லம்மா."

"அப்ப ஆறு நிமிஷம் அந்த ஒரு வகுப்பு மூக்கை மட்டும் நிறுத்தி வைங்க சார்."

ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரக்கப்படும்போது அவர் அப்படிச் செய்வார். "நிறுத்தினா அந்த வகுப்போட பத்து வருஷத் தரவுல ஓட்டை விழுந்துரும். நாம எதுக்காக அளக்கறோம்? இதழ் மாதிரிக் குழந்தைகளுக்காகத்தானே?"

தமயந்தி இடத்துக்கு வந்து உட்கார்ந்து அன்றைய ஆய்வுகளைப் பதிந்தாள். நாற்பது புள்ளிகள். அவற்றில் முப்பத்தெட்டு, தாய்மார்களைப் பற்றியவை.

பருவம் முடிந்தது. இதழைத் தனி அறைக்கு மாற்றினார்கள். அறை எண் பதினான்கு. பள்ளியின் பின்கோடியில், உடைந்த மேசைகளை அடுக்கி வைக்கும் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. ஏற்கெனவே நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஒரு பழைய ரோபோ. அதன் வலது கையில் இரண்டு விரல் இல்லை. அதற்குச் சித்தப்பா என்று யாரோ பெயர் வைத்திருந்தார்கள். கதிர்வேல் மகளின் பையை வாசலில் வைத்துவிட்டு, "ஜன்னலாச்சும் இருக்குதே," என்றான்.

தமயந்தி அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றாள். பத்து ஐம்பத்தைந்து. பத்து ஐம்பத்தெட்டு. உள்ளே இதழ் சித்தப்பாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு காகிதத்தை மெல்லிய நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பதினொன்று. கிழித்துக்கொண்டிருந்தாள். பதினொன்று ஆறு. ஒரு நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

பதினான்காம் அறையில் மூக்கு இல்லை. யார் ஆட்டிசம் உள்ளவர்களாக ஆகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்கு வைத்த மூக்குகள் அவை. ஏற்கெனவே ஆனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களை அளந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்திருந்தார்கள். அந்த அலட்சியம் இதழுக்கு வரமாயிற்று. இரண்டே வாரத்தில் நெற்றிப் புடைப்பு வற்றியது. மதியச் சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டாள். ஒருநாள் மாலை வீட்டில், யாரும் கேட்காமலே, "சித்தப்பா விரல் ரெண்டு இல்ல," என்று சொன்னாள். முழு வாக்கியம். கதிர்வேல் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

ஆனால் ஒரு பருவம்தான். அதற்குப் பிறகு வளாகம். விதிவிலக்கு ஒன்றே ஒன்று உண்டு: தனி அறை அந்தப் பிள்ளைக்குப் பலன் தருகிறது என்பதற்குச் சான்று இருந்தால் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். சான்று என்றால் படத்தில் ஒரு புள்ளி.

தமயந்தி எழுதினாள். சித்தப்பாவின் நினைவகத்தில் எழுபது நாள் பதிவு இருந்தது. மீனலோசனி டீச்சரிடம் முந்தைய பருவத்தின் குறிப்பேடு இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பதினெட்டுப் பக்க ஆய்வு எழுதினாள். வீட்டு வேலையை எல்லாம் கதிர்வேல் ஏற்றுக்கொண்டான். ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் ஒரே ஒரு பத்தியை நீக்கச் சொன்னார்கள். அறையில் மூக்கு இல்லாததே நிம்மதிக்குக் காரணம் என்று அவள் எழுதியிருந்த பத்தி அது. வெள்ளைக் கட்டம் ஒன்றைக் காரணமாகக் காட்டுவது முறையில்லை என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். பருவம் முடிய பதினெட்டு நாள் இருந்தது. அவள் நீக்கினாள். பதினான்காம் அறை பலன் தருகிறது என்பது மட்டும் நின்றது. அது போதும் என்று நினைத்தாள், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

படத்துக்கு அனுப்பும் படிவத்தில் முப்பத்தாறு கேள்விகள். இருபத்தொன்பதாவது கேள்விக்கு விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று போட்டிருந்தது: ஆய்வு நடந்த இடத்தின் துல்லியமான விவரம். பதிவர்களுக்கு ஒரு தொழில்தர்மம் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருவது அதுதான், எதையும் காலியாக விடாதே. ஒன்பது வருடப் பழக்கம். அவள் அறை எண்ணை எழுதினாள், சுவரின் நீள அகலத்தை எழுதினாள், கூரையின் உயரத்தையும் ஜன்னல் பார்க்கும் திசையையும் எழுதினாள். அளவு சரியாக இருக்க வேண்டுமே என்று கதிர்வேலை டேப் எடுத்துக்கொண்டு வரச்சொல்லி இரண்டு தடவை அளந்தாள்.

வெள்ளிக்கிழமை புள்ளி விழுந்தது. "பிள்ளையின் நிம்மதி" என்று ஒரு நெடுவரிசை படத்தின் வலக்கோடியில் இருந்தது. படம் தொடங்கிய நாளிலிருந்து அதில் ஒரு புள்ளிகூட விழுந்ததில்லை. பதிவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ராஜமாணிக்கம் லட்டு வரவழைத்தார். இதழுக்கு விதிவிலக்கு கிடைத்தது, பள்ளிப் படிப்பு முடியும்வரை பதினான்காம் அறையிலேயே இருக்கலாம் என்று கடிதம் வந்தது. அன்று இரவு கதிர்வேலும் தமயந்தியும் வெகுநாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்தார்கள்.

திங்கட்கிழமை பத்தேகால் மணிக்குப் பள்ளியிலிருந்து மீனலோசனி டீச்சர் கூப்பிட்டார். "கொஞ்சம் சீக்கிரம் வாங்க," என்றார்.

தமயந்தி போய்ச் சேர்ந்தபோது பதினான்காம் அறையில் ஒருவர் ஏணிமேல் நின்று கடைசித் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். ரங்கசாமி என்று சட்டையில் எழுதியிருந்தது. ஐம்பது வயதிருக்கும். மூக்கு சுவரில் ஏறியிருந்தது, புத்தம் புதியது.

"வாங்கம்மிணி. நீங்கதான் அந்த ஆராய்ச்சி பண்ணுனவீங்களாமே. டீச்சர் சொன்னாங்க." அவர் முகமெல்லாம் சிரிப்பு. "இந்த ரூமு படத்துல ஏறிருச்சுங். படத்துல ஏறுன எடத்துல ஏழு நாளைக்குள்ள மூக்கு வெக்கோணும்னு சட்டம். நீங்க எழுதி வெச்ச அளவு அத்தனை பக்காவுங். ஒரு ஓட்டைகூட மாத்திப் போடல. இருவது வருஷ சர்வீசுல இப்படி நான் பார்த்ததில்லீங்."

தமயந்தி ஏணியைப் பிடித்தாள். "எறக்கிருங்கண்ணா. இது வேண்டாம். இது சத்தம் போடும். பிள்ளைங்களுக்குக் கேக்கும்."

"சத்தமா?" ரங்கசாமி காதைக் கருவியின்மேல் வைத்துச் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினார். "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே."

அவர் அழுத்திய கணத்தில் ஐந்து பிள்ளைகளின் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. சித்தப்பா அதைப் பதிவு செய்துகொண்டது.

அவள் ராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டாள். அவர் உடனே எடுத்தார். ஆய்வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றாள். பெறலாம் என்றார் அவர். புள்ளி போய்விடும், புள்ளி போனால் விதிவிலக்கும் போய்விடும், வியாழக்கிழமை வளாகத்து வண்டி வரும்.

"இருபத்தொம்பதாவது கேள்விக்குப் போட்ட பதிலை மட்டும் அழிக்க முடியுங்களா சார்?"

மறுமுனையில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. "அதை ஏம்மா நிரப்பின? கட்டாயமில்லைன்னு போட்டிருந்துச்சே."

தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டவள் யாரிடம் போய் முறையிடுவது.

"ஒண்ணு செய்யலாம்," என்றார் ராஜமாணிக்கம் மெதுவாக. "மூக்கு இருக்கட்டும். ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு ஆய்வு போடு. மூக்கு வந்ததுக்கப்புறம் குழந்தை பழையபடி ஆயிட்டான்னு எழுது."

"எழுதினா எடுத்துருவாங்களா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர், பொய் சொல்ல வரவில்லை. "அறை பலன் தரலைன்னுதான் ரெண்டாவது புள்ளி விழும். பலன் தராத அறையில எதுக்கு வைக்கணும்னு கேப்பாங்க."

ஃபோனை வைத்தாள். மணி பத்து ஐம்பத்து மூன்று. இதழை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றி அவள் கையைப் பிடித்தாள். மீனலோசனி டீச்சர் குறுக்கே வரவில்லை, ஆனால் சொன்னார்: "பதினோரு மணிக்கு மூக்கு அளக்கறப்ப பிள்ளை அறையில இல்லீன்னா வராத கணக்குங்க. மூணு நாள் வராமப் போனா விதிவிலக்கு ரத்து. கடிதத்துல ரெண்டாம் பக்கத்துல இருக்குது." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு நாள் கூட்டிப்போகலாம். மூன்றாம் நாள்? தமயந்தி மகளின் கையை விடவில்லை. விடாமலே கீழே உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் காதுகளின்மேல் வைத்து அழுத்தினாள். உள்ளங்கை எவ்வளவு ஒலியைத் தடுக்கும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். மிகக் கொஞ்சம்.

மூடி திறந்தது. அறை அமைதியாக இருந்தது. தமயந்தி, டீச்சர், ரங்கசாமி மூவரும் கூர்ந்து கேட்டார்கள். அவர்களுக்கு அமைதி மட்டுமே கேட்டது. அந்த அமைதியில் ஒரு பிள்ளை மேசைக்கடியில் போயிற்று, ஒரு பிள்ளை முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. இதழ் மடியில் வில்லாக வளைந்து அலறினாள். அவள் தலை தமயந்தியின் மோவாயில் இடித்து உதடு கிழிந்தது. கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரங்கசாமி நல்ல மனுஷர். ஏணியை விட்டு இறங்கி வந்து, அவர்களுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தன் கைக்குட்டையை எடுத்து அவள் உதட்டு ரத்தத்துக்குக் கொடுத்தார். அவருக்கும் பேத்தி உண்டு போலிருக்கிறது, கண் கலங்கியிருந்தது. தலைக்குமேலே மூக்கு இன்னும் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"பாவமுங்க அம்மிணி," என்றார். "மாசமா இருக்கறப்ப ஏதாச்சும் ஆகாததைச் சாப்புட்டுட்டீங்களாக்கும்?"